ஜீப் நின்றுபோன ஞாயிற்றுக்கிழமை

அத்தான்,

அக்கா இன்று உங்கள் ஷெட்டைத் திறக்கச் சொன்னாள். நாளைக்கு உங்கள் முதல் வருட நினைவு ஆராதனை. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் ஜீப்பைப் பார்க்காமல் போக மாட்டார்கள், தூசி தட்டி வை என்றாள். அலமாரியில் உங்கள் கிரீஸ் டப்பா இருந்தது. மூடியைத் திறந்தேன். கடைசியாக நீங்கள் மூன்று விரலால் வாரியெடுத்த தடம் அப்படியே கிடந்தது, ஓரத்தில் நகம் பட்ட கீறலோடு. கிரீஸ் லேசில் காயாது. டப்பாவை மூடி வைத்துவிட்டு வெளியே வந்து, கிரீஸ் படாத கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

இது ஒப்பாரி இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல ஆள் நிறைய இருக்கிறது. நாளைக்கு ஆளுக்கொரு தாளோடு வந்து நிற்பார்கள். நான் உங்கள் பெண்டாட்டியின் தம்பி, பத்தாவது தாண்டாதவன், பாளையங்கோட்டையில் ஸ்கூட்டரும் பைக்கும் ரிப்பேர் பார்த்துப் பிழைக்கிறவன். உங்கள் விஷயத்தில் எனக்கு மட்டுமே தெரிந்தது ஒன்று உண்டு. நீங்கள் உயிரோடு இருந்தவரை அதைச் சொல்லவில்லை. இப்போது சொல்வதால் உங்களுக்குக் காசுக்குப் பிரயோஜனம் இல்லை. அதனால்தான் இப்போது தைரியமாகச் சொல்கிறேன்.

கல்லூரி ஆபீசில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்ற மறுமாதம் அந்த ஜீப்பை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தீர்கள். திருச்செந்தூருக்குத் தெற்கே ஒரு தோப்பில், கிழிந்த வலைகளுக்கு அடியில் இருபது வருடமாகக் கிடந்த வண்டி. உப்புக்காற்று தின்றது போக மிச்சம் இருந்ததைத்தான் வாங்கியிருந்தீர்கள். இறக்கும்போது முன்பக்க மட்கார்டு லோடுமேன் கையோடு வந்துவிட்டது. கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன். கால் வைக்கிற இடத்தில் தகடு இல்லை, உங்கள் வீட்டு முற்றத்து மண்தான் தெரிந்தது.

“அத்தான், இத எடைக்குப் போடுததுக்கா வாங்கினீய?” என்றேன்.

“ஓட்டிக் காட்டுதேன் பாரு. ஆனா ஒண்ணு மாப்ள, நீ இதுல கை வைக்கப்பிடாது. ஒரு மெக்கானிக் கையும் படாம நானே செஞ்சதுன்னு இருக்கணும்” என்றீர்கள். அதோடு விட்டிருக்கலாம். பக்கத்தில் நின்ற உங்கள் ஆபீஸ் சிநேகிதர்களைப் பார்த்துத் திரும்பி, “அவனுக்கு ஸ்கூட்டர்தான் தெரியும், பாவம்” என்றீர்கள். அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தப் ‘பாவம்’ எனக்குள் எங்கேயோ தைத்து நின்றுவிட்டது.

ஸ்பானரை எந்தப் பக்கம் திருப்பினால் நட்டு கழலும் என்று தெரியாத மனுசன் நீங்கள். செல்போனை வேப்பமரத்துக் கிளையில் கட்டித் தொங்கவிட்டு, ஏதோ ஒரு வெள்ளைக்காரன் செய்து காட்டுவதைப் பார்த்துப் பார்த்துச் செய்தீர்கள். துரு எடுக்கிறேன் என்று அக்காவின் வருஷப் புளியை டிரம்மில் கரைத்து இரும்புச் சாமான்களை ஊறப்போட்டீர்கள். தெருவே புளித்து நாறியது. அக்கா ஒரு வாரம் உங்களோடு பேசவில்லை, ரசமும் வைக்கவில்லை. கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் மிஞ்சிப்போன சபைக் காணிக்கைக் கவர்களில் போட்டு, மேலே ஆபீஸ் கையெழுத்தில் எழுதி வைத்தீர்கள்: ‘இடது முன் சக்கரம், வெளி நட்டு, ஐந்து.’ பெயர் எழுதுகிற இடத்தில் அது. காணிக்கையின் நோக்கம் என்று அச்சடித்திருந்த இடத்தில், ‘திரும்ப மாட்டுவதற்கு.’ அதைக் கடையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் தவறாமல் உங்கள் வீட்டுக்கு வந்தது அக்காவைப் பார்க்க இல்லை. நீங்கள் தப்புச் செய்வதைப் பார்க்க வந்தேன். கிளட்ச் தட்டைத் திருப்பிப் போட்டு மாட்டினீர்கள் பாருங்கள், அன்றைக்கு நான் முக்காலியில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தேன். தட்டு தலைகீழாக இருப்பது எனக்கு அங்கிருந்தே தெரிந்தது. சொல்லவில்லை. கியர்பாக்ஸைத் தூக்கி மாட்டி, ஒவ்வொரு போல்ட்டாக முடுக்கி, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, “எப்படி மாப்ள?” என்று கேட்டீர்கள். “பிரமாதம்” என்றேன். தப்பைக் கண்டுபிடித்து மறுபடி எல்லாவற்றையும் இறக்க உங்களுக்கு இரண்டு மாதம் ஆனது. முதுகு பிடித்துக்கொண்டு ஒரு வாரம் படுக்கையில் கிடந்தீர்கள். நான் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தேன்.

அப்படியிருந்தும் ஐந்தாம் வருடம் அது ஓடிவிட்டது. எனக்கு அது ஏமாற்றம், மறைப்பானேன். உள்ளதைச் சொன்னால் வேலை சுத்தம். என்னால் அவ்வளவு பொறுமையாகச் செய்திருக்க முடியாது. பச்சைப் பெயிண்ட் அடித்து, புதுத் தார்ப்பாய்க் கூரை போட்டு, ஆற்றுப்பாலம் வரை ஓட்டிக்கொண்டு போய் வந்தீர்கள். பிறகு குருவானவரிடம் சொல்லி, வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வண்டிக்குப் பிரதிஷ்டை ஜெபம் என்று சபையில் அறிவிப்புக் கொடுத்தீர்கள். ‘எந்த மெக்கானிக்கின் உதவியுமின்றி’ என்ற வார்த்தையும் அறிவிப்பில் இருந்தது. எழுதிக் கொடுத்தது நீங்கள்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஜீப்பைக் கோயில் வாசலில் நிறுத்திவிட்டு முன் வரிசையில் போய் உட்கார்ந்தீர்கள். காணிக்கை எடுக்கிற பாட்டு தொடங்கியதும் நான் போன் வந்தமாதிரி வெளியே வந்தேன். பானெட்டைத் தூக்கினேன். டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள்ளே ரோட்டார் என்று கட்டைவிரல் அளவுக்கு ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அது இல்லாவிட்டால் எஞ்சின் சுற்றும், பற்றாது. அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மூடியை மாட்டிவிட்டு, பாட்டு முடிவதற்குள் திரும்பிப் போய் உட்கார்ந்துவிட்டேன். என் திட்டம் இவ்வளவுதான். ஜனங்கள் பார்க்க நீங்கள் பத்து நிமிடம் திண்டாட வேண்டும். பிறகு நான் பைய நடந்து வந்து, பானெட்டைத் தூக்கி, ஒரே தட்டில் ஸ்டார்ட் பண்ணிக் கொடுக்க வேண்டும். ஸ்கூட்டர் மட்டும் தெரிந்தவன் யார் என்று எல்லோரும் பார்க்க வேண்டும்.

குருவானவர் பானெட்டின் மேல் கை வைத்து ஜெபித்தார். அவரை ஏற்றிக்கொண்டு வளாகத்தை ஒரு சுற்றுச் சுற்றிவருவதாக ஏற்பாடு. நீங்கள் சாவியைத் திருப்பினீர்கள். எஞ்சின் சுற்றியது, பற்றவில்லை. மறுபடி, மறுபடி. “சூப்பிரண்டு சார், தள்ளணுமா?” என்று ஒருத்தர் கேட்டார். “புளித்தண்ணி ஊத்திப் பாருங்க” என்றார் இன்னொருத்தர். பெண்கள் பக்கமும் சிரிப்பு எழுந்தது. அக்கா பைபிளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றாள். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றுதான் இருந்தது. கைக்குட்டையில் கையைத் துடைத்தபடி நடக்கத் தொடங்கினேன். வண்டிக்கு இன்னும் பத்தடி இருக்கும்.

அப்போது நீங்கள் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டு இறங்கினீர்கள். முகம் வெளுத்திருந்தது.

“வண்டியில கொற இல்ல. கொற எங்கிட்ட இருக்கு. கூடப்பொறந்தவங்கிட்ட பன்னெண்டு வருசமாப் பேசாம இருந்துக்கிட்டு இங்கன காணிக்க கொண்டாந்துட்டேன். கர்த்தர் வேண்டாங்காரு.”

ஒருவரும் சிரிக்கவில்லை. குருவானவர் உங்கள் தோளில் கை போட்டார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். எந்த முகத்தை வைத்துக்கொண்டு அந்தத் துண்டைப் பையிலிருந்து எடுப்பது?

எட்டுப் பேர் தள்ளி ஜீப்பை வீடு சேர்த்தோம். சாயங்காலம் நீங்கள் மூடியைத் திறந்து பார்ப்பீர்கள், ரோட்டாரைக் காணாமல் என்னைத்தான் சந்தேகப்படுவீர்கள், வந்து செவிட்டில் ஒன்று விடுவீர்கள் என்று எதிர்பார்த்துக் கடையில் உட்கார்ந்திருந்தேன். நட்டு ஒன்று லூசானால் ராத்திரியெல்லாம் தூங்காத மனுசன், அன்றைக்கு பானெட்டைத் தொடக்கூட இல்லை. தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டீர்கள். புதன்கிழமை போன் வந்தது. “மாப்ள, நாளைக்கு என்னைய ஊருக்குக் கூட்டிட்டுப் போ. அண்ணனப் பாக்கணும்.”

ராதாபுரத்துக்குத் தெற்கே உங்கள் ஊருக்கு என் காரில் போனோம். அதே மணல்பாதையில் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னாலும் உங்களோடு வந்திருக்கிறேன். உங்கள் அம்மா விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த சமயம் அது. உங்கள் அண்ணன் நாட்டு வைத்தியம் பார்த்துக் கட்டுப்போட்டு வீட்டிலேயே கிடத்தியிருந்தார். நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று நீங்கள் ஒரு வேன் பிடித்து, பின்னால் மெத்தை விரித்து, என்னையும் கூட்டிக்கொண்டு போனீர்கள். அவர் கேட்டைப் பூட்டினார். வெயிலில் இரண்டு மணி நேரம் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று கெஞ்சினீர்கள். உள்ளே அம்மா உங்கள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது வெளியே நின்ற நம் இரண்டு பேருக்கும் கேட்டது. எட்டாம் நாள் அம்மா இறந்துபோனார்கள். சின்னவன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை, அந்த ஏக்கத்திலேயே அம்மா போய்விட்டாள் என்று அவர் ஊர் முழுக்கச் சொன்னார். கேட்டில் நின்றதை நீங்கள் யாரிடமும், அக்காவிடம்கூட, சொல்லவில்லை. அந்த ஊர்ப் பக்கம் போவதை நிறுத்தினீர்கள், அவ்வளவுதான்.

வியாழக்கிழமை நாம் போனபோது அவர் முற்றத்தில் கட்டிலில் உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“ஏலே, வழி தப்பி வந்துட்டியா?”

“அண்ணே, என்னைய மன்னிச்சிரு.”

“எதுக்கு?”

“எல்லாத்துக்கும்.”

“எல்லாத்துக்கும்னு மொத்தமாச் சொன்னா ஆச்சா? அம்ம யாரால செத்தா? அதச் சொல்லு.” இன்னொரு நகத்தை வெட்டினார். “இங்கன சொல்லாண்டாம். சாயங்கால ஜெபத்துக்கு மணி அடிக்கும், ஊர்ச்சனம் வரும். அங்கன எந்திச்சு நின்னு சொல்லு. சொன்னா நீ எனக்குத் தம்பி.”

மூன்று மணியிலிருந்து ஆறு மணி வரை காருக்குள் உட்கார்ந்திருந்தோம். ஒரு சொம்புத் தண்ணீர் வரவில்லை. “அவன் சொல்லுதது நெசமில்லன்னு எனக்கும் தெரியும், ஒனக்கும் தெரியும்” என்றீர்கள். “ஆனா நான் தாழ்ந்து போனாத்தான் அந்த வண்டி ஓடும் மாப்ள.”

ரோட்டார் என் கால்சட்டைப் பையில் இருந்தது. உட்கார்ந்திருந்ததில் தொடையை உறுத்தியது. நான் வாயைத் திறந்தேன், அத்தான். சத்தியமாகத் திறந்தேன். “தண்ணி பாட்டில் டிக்கியில இருக்கு, எடுக்கவா?” என்று கேட்டேன்.

ஓட்டுக்கூரை போட்ட அந்தச் சின்னக் கோயிலில் இருபது இருபத்தைந்து பேர் இருந்தார்கள். பாட்டு முடிந்ததும் எழுந்து நின்றீர்கள். “எங்க அம்ம செத்தது என்னாலதான். அவங்கள நான் கவனிக்கல.” உங்கள் அண்ணன் உட்கார்ந்த இடத்திலிருந்தே, “சத்தமாச் சொல்லுலே, பின்னால உள்ளவங்களுக்குக் கேக்கல்ல” என்றார். சத்தமாகச் சொன்னீர்கள். பின்னால் இருந்தவன் நான்தான். எனக்கு முதல் தடவையே கேட்டிருந்தது.

வெளியே வந்ததும் அவர் உங்களைக் கட்டிப்பிடிக்கவில்லை. “சரி, கெளம்பு. நேரமாவுது” என்றார். வழியில் டீக்கடையில் நிறுத்தச் சொல்லி நீங்கள் இரண்டு வடை தின்றீர்கள். “நெஞ்சு லேசாயிட்டு மாப்ள” என்றீர்கள். காரை ஓட்டவேண்டியிருந்ததால் நான் உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் காலையில் ஆறரை மணிக்கு உங்கள் வீட்டுக்கு வந்தேன். உள்ளே குடும்ப ஜெபம் நடந்தது. நீங்களும் அக்காவும் பாடுவது ஜன்னல் வழியாகக் கேட்டது. தார்ப்பாயை விலக்கி, ரோட்டாரை இருந்த இடத்தில் வைத்து, மூடியை மாட்டினேன். முதல் சரணம் முடிவதற்குள் வேலை முடிந்தது. நீங்கள் வெளியே வந்து, கண்ணை மூடி ஒரு நிமிடம் நின்றுவிட்டு, ஏறிச் சாவியைத் திருப்பினீர்கள். முதல் சுற்றிலேயே பற்றிக்கொண்டது. நீங்கள் இறங்கி வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதீர்கள். உங்கள் கண்ணீர் என் கழுத்தில் இறங்கியது. அந்த ஒரு நிமிடத்தில் சொல்லியிருந்தால் நீங்கள் என்னை அடித்திருப்பீர்கள், அத்தோடு போயிருக்கும். நான் பயந்தேன். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. சபைக்குத் தெரிந்தால் கடைக்கு ஒருத்தனும் வரமாட்டான் என்று பயந்தேன்.

பிறகு நீங்கள் ஊர் ஊராக ஜெபக்கூட்டங்களில் சாட்சி சொல்லக் கிளம்பினீர்கள். உடன்குடிப் பக்கம், திருச்செந்தூர்ப் பக்கம், எங்கே கூப்பிட்டாலும் என்னையும் ஏற்றிக்கொண்டு அந்த ஜீப்பிலேயே போனீர்கள். அண்ணனோடு ஒப்புரவான மறுநாளே ஓடிய வண்டி என்று ஜனங்கள் வந்து தொட்டுப் பார்த்தார்கள். பிள்ளைகளைத் தூக்கி உள்ளே உட்காரவைத்தார்கள். ஒவ்வொரு ஊரிலும் முதல் வரி, “என்னப் பெத்த அம்மையச் சாகவிட்ட பாவி நான்.” முதல் வருடம் அதைச் சொல்லும்போது என் பக்கம் ஒரு பார்வை பார்ப்பீர்கள், நமக்குத் தெரியும் என்கிற பார்வை. இரண்டாம் வருடம் அந்தப் பார்வை நின்றுவிட்டது. மூன்றாம் வருடம், “அம்ம தண்ணி கேட்டா, நான் குடுக்காமத் திரும்பி வந்தேன்” என்று புதிதாக ஒன்றைச் சொல்லித் தேம்பினீர்கள். தண்ணீர் கேட்டதும் இல்லை, நீங்கள் கொடுக்காமல் வந்ததும் இல்லை. கேட்டுக்கு வெளியே நின்றவருக்கு எப்படித் தெரியும்? நீங்கள் உள்ளே இருந்ததாகவே நம்பிவிட்டீர்கள். உங்கள் மகள் அன்றைக்குக் கூட்டத்தில் இருந்தாள். அம்மாவின் பேரைத்தான் அவளுக்கு வைத்திருந்தீர்கள். அவள் பெங்களூருக்கு வேலைக்குப் போனபின் உங்களோடு பேசுவது குறைந்துபோனது ஏன் என்று அக்காவிடம் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள்.

போன வருடம், ஆஸ்பத்திரிக் கட்டிலில், மூக்கில் குழாயோடு என் கையைப் பிடித்தீர்கள். “அங்கன போயி அம்ம மொகத்துல எப்படி முழிப்பேன் மாப்ள?” சாவுக்கு நீங்கள் பயப்படவில்லை, அம்மாவுக்குப் பயந்தீர்கள். கேட்டில் நின்று கெஞ்சிய அந்த இரண்டு மணி நேரத்தை நான் ஞாபகப்படுத்தினால் போதும். அறையில் வேறு யாருமில்லை. ஆனால் அப்படியானால் நான் ஏன் ஒப்புக்கொண்டேன் என்று கேட்பீர்கள், அதற்குப் பதில் என் பையில் கிடந்த ரோட்டாரில்தான் போய் முடியும்.

“அதெல்லாம் எப்பவோ மன்னிச்சாச்சு அத்தான்” என்றேன்.

செய்யாத பாவத்துக்கு என்னிடம் மன்னிப்பு வாங்கிக்கொண்டு கண்ணை மூடினீர்கள். மறுநாள் போய்விட்டீர்கள். அடக்கத்துக்கு வந்த உங்கள் அண்ணன் எல்லோர் காதிலும் விழும்படி, “அவன் வாயாலயே ஒத்துக்கிட்டவன், நல்ல மனுசன்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். நாளைக்கும் வருகிறார். முன் வரிசையில் நாற்காலி போடச் சொல்லியிருக்கிறார்.

அக்கா என்னைத்தான் சாட்சி சொல்லச் சொல்லியிருக்கிறாள். “அன்னைக்கு அவியகூட இருந்தவன் நீ ஒருத்தன்தானல. நீயே சொல்லு” என்றாள். அவளுக்கு இப்போது இருக்கிற ஒரே பிடிமானம் அந்த ஜீப் கிளம்பிய கதைதான். தினமும் ஒரு தடவை ஷெட்டின் கதவைத் தொட்டுவிட்டுத்தான் காபி குடிக்கிறாள்.

நேற்று மத்தியானம் உங்கள் மகள் போன் பண்ணினாள்.

“மாமா, ஆராதனையில யாரு பேசுதா?”

“நாந்தான் மக்களே.”

“அந்த ஜீப் கதையா?”

“ஆமா.”

“மாமா, ஒண்ணே ஒண்ணு கேக்கேன். உண்மையச் சொல்லணும். ஆச்சிய அப்பா அப்படியா விட்டுட்டு வந்தாவ? எனக்கு நம்பவே முடியல்ல. இல்லன்னு நீங்க ஒரு வார்த்த சொன்னீங்கன்னா இன்னைக்கே பஸ் ஏறிருவேன்.”

கடை வாசலில் ஒருவர் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார். கையைக் காட்டி அவரை இருக்கச் சொன்னேன்.

“அவியளே அத்தன ஊர்லயும் சொல்லியிருக்காவ மக்களே. நான் என்னத்தச் சொல்ல.”

“சரி மாமா” என்றாள். “அப்ப நான் வரல்ல.”

போனை வைத்துவிட்டு அந்த ஸ்கூட்டரைப் பார்த்துக் கொடுத்தேன். பிளக் அழுக்கு, அவ்வளவுதான். அவர் போனபின் கடையில் ஆள் இல்லை. நாளைக்குச் சொல்லவேண்டியதை ஒருதடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன், உங்கள் முதல் வரியிலிருந்து, அம்மா தண்ணீர் கேட்டது வரைக்கும், ஜீப் கிளம்பினது வரைக்கும். எங்கேயும் தடுக்கவில்லை, அத்தான். தண்ணீர் கேட்ட இடத்தில் எனக்கு அழுகைகூட வந்தது.